மூடாத கண்

ஆந்தை மாதிரி முழிக்கிறான் என்று ஒருவனைச் சொன்னால் அது திட்டு. அந்தப் பள்ளிக்கூட பஸ் கம்பெனியில் ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் அது பட்டம். இளவட்ட டிரைவர்கள் "ஆந்தையண்ணே" என்று கூப்பிட்டால் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். "ஸ்டியரிங்கைத் தொட்டுட்டா என் கண்ணு மூடினதா சரித்திரமே கிடையாது" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துப் போயிருந்தது. ஆனாலும் மறுத்துப் பேச யார் கையிலும் ஆதாரம் இல்லை.

அப்புறம் கம்பெனி ஒரு கருவியை வாங்கிப் போட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. டிரைவரின் இமை இறங்கிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் கீச் கீச்சென்று கத்தும். கத்திய சங்கதி அப்படியே ஆபீஸுக்கும் போய்விடும். டிரைவர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். மாமியார் ஒவ்வொருத்தர் வண்டியிலும் ஒரு நாளாவது வாயைத் திறந்தாள். ஆந்தையார் வண்டியில் மட்டும் மூச்சு விடவில்லை. அவர் சூட்சுமம் கற்றிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இமை கனத்தால், புருவத்தை நெற்றிக்கு ஏற்றிக் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்வார். வீடு போய்ச் சேரும்வரை இறக்க மாட்டார்.

கம்பெனி அவரைத் தூக்கித் தலையில் வைத்துக் கொண்டாடியது. 'எங்கள் விழிப்பான ஓட்டுநர்' என்று போட்டு அவர் படத்தை ஆபீஸ் வாசலில் மாட்டினார்கள். பெற்றோர்களுக்குக் கொடுக்கிற நோட்டீஸிலும் அதே படம்தான். வீட்டில் பொண்டாட்டி மட்டும், "ராத்திரி குறட்டையில மூச்சு நின்னு நின்னு வருது, ஒரு டாக்டரைப் பாத்தா என்ன?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊரே என் கண்ணைப் பாத்து அசந்து நிக்குது, உனக்கு என் மூக்குதான் தெரியுதா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

மாமியார் கத்தித் தீர்த்தது அவருடைய மச்சினன் வண்டியில். மனைவியின் தம்பி. கையைப் பிடித்து இந்த வேலைக்குக் கூட்டிவந்தவரே இவர்தான். வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் கருவி கத்தியது. அவனுக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் விழுந்தது. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது, "படிக்கட்டுக்குக் கீழ ஒரு கண்ணாடி இருக்கு சார். புள்ளைங்க கால் வெளிய இருக்கா உள்ள இருக்கான்னு குனிஞ்சு பாக்கறேன். அதைப் போய் இது தூக்கம்ங்குது" என்றான் அவன். மேனேஜர் ஆந்தையாரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை அவனுக்காகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. "வீட்ல கைக்குழந்தை இருக்கு சார், ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். சொந்தக்காரன்னு பாக்காதீங்க. இறக்கிடுங்க. புள்ளைங்க உயிரு" என்றார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நியாயவான் என்று நாலு பேர் சொல்வார்கள் என்கிற ருசி அப்போது நாக்கில் இருந்தது. நாலு பேர் சொல்லவும் செய்தார்கள். ஸ்டியரிங் பிடித்த மச்சினன் கையில் வாளியும் துணியும் வந்தன. ஷெட்டில் வண்டி கழுவுகிற வேலை. அன்றிலிருந்து வீட்டில் பொண்டாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டை வைக்கிற சத்தமே சொல்லிவிடும்.

மச்சினன் மீது அவருக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு உண்டு. முன்பெல்லாம் அவன் தன் வண்டியைச் சீக்கிரம் விட்டுவிட்டு, மத்தியான ட்ரிப்பில் இவர் பஸ்ஸில் ஏறிக்கொள்வான். இடதுபக்க ஒற்றை சீட்டில் உட்கார்ந்து வழிநெடுக வாய் ஓயாது. "மாமா, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?" "மாமா, பின்னாடி ஒரு லாரி வருது பாருங்க, என்ன கலர்?" "மாமா, அந்த மாடி வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டாங்களா?" ஒன்றுக்கும் உதவாத கேள்விகள். பிள்ளைகள்கூட அவ்வளவு தொணதொணக்க மாட்டார்கள். ஒருநாள் பொறுமை கெட்டு, "வாயைப் பொத்திக்கிட்டு வர்றதுன்னா வா. இல்லன்னா நடந்து போ" என்றார். அவன் மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாள் அவனை ஏற்றிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கருவி விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, டிரைவர்களை ஒரு மத்தியானம் ஓய்வறைக்குக் கூப்பிட்டாள். மச்சினனும் ஈரக் கையோடு வாசல்படியில் வந்து நின்றான். சுவரில் படம் ஓடியது. முகம் கிடையாது. சாம்பல் நிறத்தில் இரண்டு கண்கள் மட்டும், ஒரு பட்டையாக.

"இமையை மட்டும் பாத்தா பத்தாதுன்னு எங்களுக்கே இப்பதான் புரிஞ்சுதுங்க" என்றாள் அவள். "கண்மணி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். இவரைப் பாருங்க. ரோடு, கண்ணாடி, மீட்டர், ஓரத்துல போற சைக்கிள், மறுபடி ரோடு. தாவிக்கிட்டே இருக்கு. இமை அடிக்கிறதும் படக்குனு முடிஞ்சிடுது. இது முழிச்சிருக்கிற கண்ணு."

அரிசியில் கல் பொறுக்குகிற விரல் மாதிரி அந்தக் கண்கள் இங்கும் அங்கும் ஓடின. பிறகு அவள் அடுத்ததைப் போட்டாள்.

இரண்டும் நன்றாக அகலத் திறந்த கண்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை நகரவில்லை. சுவரில் ஆணி அடித்தது போல ஒரே இடத்தில் நின்றன. இமை ஒருமுறை மெதுவாக இறங்கி, அதைவிட மெதுவாக ஏறியது. கண்மணி கொஞ்சம் வழுக்கி ஓரமாகப் போனது. அப்புறம் திடீரென்று தூக்கிப்போட்ட மாதிரி ஒரு வெட்டு.

"ஐயோ, யாருப்பா இது?" என்று ஒரு குரல் கேட்டது. ஆந்தையாருக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவர் அல்லவா! எழுந்து நின்றுவிட்டார்.

"தூங்கறான். கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டே தூங்கறான். இவனை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட ஏத்தி அனுப்ப முடியாது. பேரைச் சொல்லும்மா."

"பேரெல்லாம் இங்க சொல்றதா இல்லைங்க. மேனேஜர்கிட்ட மட்டும்தான்" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்த்தாள்.

"ஏன் சொல்லக்கூடாது? பெத்தவங்க நம்மளை நம்பி அனுப்பறாங்க. மூடி மறைக்கறதுக்கு இதென்ன கல்யாண சம்பந்தமா? யாருன்னு தெரிஞ்சாகணும். வெக்கம் கெட்டவன் யாரோ அவனே எந்திரிக்கட்டும்!"

"மாமா, போதும், விடுங்க" என்றான் மச்சினன் வாசலிலிருந்து.

"உனக்கென்னடா வலிக்குது? உன் கண்ணா அது?"

அவன் கையிலிருந்த துணியை ஒருமுறை பிழிந்தான். தண்ணீர் அவன் கால்மேலேயே சொட்டியது. "ஆமா மாமா. என் கண்ணுதான். பழசு, நான் ஓட்டிக்கிட்டிருந்தப்ப எடுத்தது."

அறையில் சிரிப்பு எழுந்தது. "தூங்குமூஞ்சின்னு சும்மாவா பேரு வச்சோம்" என்றான் ஒருத்தன். அந்தப் பெண் நிமிர்ந்து வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். ஆந்தையார் சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன்ல? என் வாயால சொல்லி என் சொந்தத்தையே இறக்கினேன். கேட்டுக்கங்க எல்லாரும்" என்று முழங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு சட்டையை இழுத்துவிட்டபடி போனார். அந்தப் பெண்ணும் இருந்தாள். மேனேஜர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

அதே கண்கள். இந்தத் தடவை மேலே புருவம் இருந்தது, கீழே மூக்கும் மீசையும் இருந்தன.

தன் கண்ணை யார்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்? சவரம் செய்யும்போது கன்னத்தைப் பார்க்கிறோம், தலை வாரும்போது முடியைப் பார்க்கிறோம். ஆந்தையார் தன் முகத்தை யாரோ அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொரு படம், பஸ்ஸுக்கு முன்னால் இருந்த ரோடு. ரோட்டைக் கடக்கிற கோட்டில் ஒரு பெண் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கால் வைக்கிறாள். பஸ் வேகம் குறையவில்லை. அவள் குழந்தையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறாள். குழந்தையின் பை ரோட்டில் விழுகிறது. பஸ் பையைத் தாண்டிப் போகிறது. அத்தனைக்கும் அந்த அகன்ற கண்கள் ஒரு நூலளவு நகரவில்லை.

"இது... இது எப்போ?" என்றார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

கருவிக் கம்பெனிப் பெண் தேதியைச் சொன்னாள். அவருக்கு அந்த நாள் நினைவிருந்தது. பை விழுந்தது நினைவில்லை, பெண்ணும் குழந்தையும் நினைவில்லை. சாயங்காலம் வீட்டில், பேசாத பொண்டாட்டியின் காதில் விழட்டும் என்று, "இன்னிக்கும் ஒரு கீறல் இல்லாம ஓட்டிட்டு வந்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மட்டும் நினைவிருந்தது.

"உங்க மச்சினர் பதிவையும் பாத்தேன்" என்றாள் அந்தப் பெண். "அவர் கீழ்க்கண்ணாடியைத்தான் பாத்திருக்கார். கருவிதான் தப்பா எடுத்துக்கிச்சு. நான் முதல்ல போட்டது அவரோட கண்ணு."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, உங்க படம் வெளிய தொங்குது. நோட்டீஸ்லயும் இருக்கு. இப்ப இது வெளிய போச்சுன்னா கம்பெனி மானம் கப்பலேறிடும். உங்க மச்சான் தானா முன்வந்து ஏத்துக்கிட்டான், விஷயம் அதோட முடிஞ்சுது. இப்ப அவனைத் திரும்ப ஏத்தினா, அப்ப அது யாரு கண்ணுன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள் அவன் வண்டி கழுவட்டும். நீங்க லீவு போட்டு டாக்டரைப் பாருங்க. இன்னிக்கு மட்டும் சாயங்கால ட்ரிப்பை எடுத்துடுங்க, வேற ஆளில்ல."

"சார், இன்னிக்கும் அவர் ஓட்டக்கூடாது" என்றாள் அவள்.

"சின்ன ட்ரிப்புதாம்மா. என்ன அண்ணே, சரிதானே?"

ஆந்தையார் தலையை ஆட்டினார். ஆமாம், ஆட்டினார். பின்னாளில் அந்தக் கண்களைக்கூட அவர் மன்னித்துவிட்டார். உடம்பு செய்த கோளாறு அது. இந்தத் தலையாட்டலை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அது நன்றாக விழித்திருந்தபோது செய்தது.

சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். மச்சினன் அவருடைய பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் ஏறி சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம், இந்தப் பக்கம் இவர் முகம், நடுவில் சோப்பு நுரை. உட்கார முடியவில்லை. இறங்கி வந்தார்.

"எதுக்குடா அப்படிச் சொன்ன?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க பேரைச் சொல்லு, பேரைச் சொல்லுன்னு அந்தப் பொண்ணைப் பிடிச்சுக்கிட்டீங்க. அது வாயைத் தொறந்திருந்தா என்ன ஆவுறது? என் பேரு ஏற்கெனவே நாறிப்போச்சு மாமா. அதுல இன்னொரு வாளி அழுக்குத் தண்ணி ஊத்தினா யாருக்குத் தெரியப் போவுது?"

"என் கண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து சீட்டுல எத்தனை நாள் வந்திருக்கேன். சாப்பிட்டுட்டு ஏறினா பாலம் தாண்டறதுக்குள்ள உங்க கண்ணு நின்னுடும். தொறந்துதான் இருக்கும். ஆனா நீங்க இருக்க மாட்டீங்க."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்டயா?" என்றான் அவன்.

அவ்வளவுதான் கேட்டான். குத்திக்காட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே கேட்டான்.

"அதான் பேசிக்கிட்டே வந்தேன்" என்றான் அவன், துணியை வாளியில் நனைத்தபடி. "லாரி பாருங்க, போர்டு பாருங்கன்னா உங்க கண்ணு ஒரு தடவை நகரும். எரிச்சல் வந்தா இன்னும் நல்லா முழிச்சுக்குவீங்க. அது போதும்னு நெனச்சேன். அக்காகிட்ட இதெல்லாம் சொல்லிடாதீங்க மாமா. பயந்துடும்."

அவனைத் தன் பஸ்ஸில் ஏற்றாமல் விட்ட பிறகு நடந்ததுதான் அந்தப் பையும் குழந்தையும். ஆந்தையார் தேதியை மனதுக்குள் ஒட்டிப் பார்த்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை. சிமென்ட் தரையில் சோப்புத் தண்ணீர்தான் ஓடியது.

திரும்பி ஓய்வறைக்கு நடந்தார். டிரைவர்கள் சாயங்கால ட்ரிப்புக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று, "அது என் கண்ணு" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "சுவத்துல ஓடுச்சுல்ல, தூங்கற கண்ணு. அது அவன் கண்ணு இல்ல. என்னோடது."

மூத்த டிரைவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "என்ன மனசுய்யா உனக்கு! மச்சான் மானம் போகக்கூடாதுன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறான் பாரு."

"ஆந்தையண்ணன் கண்ணு மூடுமா? யாருகிட்ட கதை விடறீங்க?" என்றான் இளையவன் ஒருத்தன். இன்னொருத்தன் கையே தட்டிவிட்டான்.

அவர் வாழ்நாளில் எத்தனையோ பாராட்டுக் கேட்டிருக்கிறார், ஒவ்வொன்றும் தேனாக இறங்கும். இது மட்டும் கன்னத்தில் அறைந்தது. தான் ஊதி ஊதிப் பெரிதாக்கிய பெயர் இப்போது தன் வாயையே நம்பவிடாமல் செய்கிறதே! உண்மையைச் சொல்லியும் நல்லவனாகவே நிற்க வேண்டியிருக்கிறதே!

விறுவிறுவென்று ஆபீஸுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார். மேனேஜர் "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே ஓடிவந்தார். "போடும்மா" என்றார். "கண்ணை மட்டும் இல்ல. முழு மூஞ்சியையும் போடு. ரோட்டையும் போடு."

அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. போட்டாள்.

புருவம் தெரிந்தது, மீசை தெரிந்தது, குழந்தையின் பை ரோட்டில் விழுந்தது. கையைத் தட்டினவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். ஆந்தையார் படத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு கூனிக் குறுகி நின்றார். 'வெக்கம் கெட்டவன் யாரோ அவனே எந்திரிக்கட்டும்' என்று இதே அறையில் தான் கத்தியது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எந்திரிச்சுட்டேன்" என்றார் தரையைப் பார்த்தபடி. "அவன்மேல ஒரு தப்பும் இல்ல. வாய் கிழியப் பேசி அவனை இறக்கினவன் நான்தான். என் படத்தை எடுத்துடுங்க சார்."

அன்று சாயங்கால ட்ரிப்பை மச்சினன் எடுத்தான். மேனேஜருக்கு வேறு வழியில்லை. அந்தப் பெண் அவனுடைய பதிவில் குறை ஒன்றுமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஆந்தையார் நடந்தே வீட்டுக்குப் போகிறேன் என்றார். "ஏறுங்க மாமா, போற வழிதானே" என்று அவன் கையைப் பிடித்து ஏற்றினான். இடதுபக்க ஒற்றை சீட்டில், அவன் எப்போதும் உட்கார்ந்து வந்த இடத்தில், அவர் உட்கார்ந்தார்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் முட்டி மோதி ஏறின. மச்சினன் குனிந்து கீழ்க்கண்ணாடியைப் பார்த்தான். மாமியார் கீச்சென்று கத்தினாள். அவன் பாட்டுக்கு எல்லாக் கால்களும் உள்ளே வரும்வரை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"ஏன் இன்னிக்கு ஆந்தைத் தாத்தா ஓட்டல?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

என்ன சொல்லப் போகிறானோ என்று ஆந்தையார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளைப் பார்க்கத் தெம்பில்லை. அந்தப் பையும் இவள் பை மாதிரியே நீலமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஜன்னல்மேல் சாய்த்துக்கொண்டார்.

"ஷ்ஷ்..." என்றான் மச்சினன். "தாத்தா தூங்கறாரு. பாவம், ரொம்ப நாளாத் தூங்கல. யாரும் சத்தம் போடக்கூடாது, சரியா?"

பிள்ளைகள் வாயில் விரலை வைத்துக்கொண்டன. பஸ் சத்தமில்லாமல் பாலத்தைத் தாண்டியது. வழிநெடுகத் தொணதொணத்து அவரை விழிக்க வைத்தவன், இப்போது அவர் தூங்கட்டும் என்று வாயே திறக்காமல் ஓட்டினான். அவருக்குத் தூக்கம் வரவில்லை. மூடிய இமைக்குள்ளே கண்மணிகள் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தன, வீடு வரைக்கும்.